குறைமாதக் குழந்தையும் கிரயத் தேதியும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் பல ஆண்டுகளாக நிலமும் வீடும் வாங்கி விற்பதற்கு இடைநிற்கும் தொழில் செய்கிறேன். விளவங்கோடு, கிள்ளியூர், கல்குளம் தாலுகாக்களில்தான் பெரும்பாலும் என் வேலை. சம்பளம் கிடையாது. கிரயம் முடிந்தால் கமிஷன், முடியாவிட்டால் ஒன்றுமில்லை. எனக்கு இரத்த அழுத்தம் கூடியதால் 29-ஆவது வாரத்திலேயே அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, பிறந்தபோது எடை 1,250 கிராம். இப்போது மூன்று வாரம் ஆகிறது. நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். மூச்சுக்கு வைத்திருந்த கருவியை எடுத்துவிட்டார்கள். பால் இன்னும் குழாய் வழியாகத்தான் போகிறது.

என் கையில் மூன்று பார்ட்டிகள் இருக்கிறார்கள். ஒருவர் குவைத்திலிருந்து விடுமுறையில் வந்து தம் 11 சென்ட் புரையிடத்தை (வீட்டு மனையை) விற்கிறார். அடுத்த மாதம் திரும்பிப் போவதற்குள் கிரயம் முடிய வேண்டும் என்கிறார். இன்னொன்று அண்ணன் தம்பி நால்வருக்குப் பொதுவான தென்னந்தோப்பு. மூன்றாவது, ஒரு மனைப்பிரிவில் இரண்டு மனைகள். போன வாரம் முதல் மறுபடி வெளியே போகத் தொடங்கினேன், பால் குறைந்துவிட்டது. இடம் காட்டிக்கொண்டிருக்கும்போது மருத்துவமனையிலிருந்து அழைப்பு வருமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும்போது பார்ட்டி கைநழுவிப் போகுமோ என்று பயமாக இருக்கிறது. கணவர் வேன் ஓட்டுகிறார். மாமியார் நல்லவர்தான், ஆனாலும் "பிள்ள ஆஸ்பத்திரியில கெடக்கு, இவளுக்கு வஸ்து கச்சவடம் (நில வியாபாரம்) கேக்குது" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. நான் தொழிலை விட்டுவிட வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மார்த்தாண்டம்

பதில்: விட வேண்டாம். அதே வேளையில், போன வாரம் தொடங்கிய முறையில் தொடரவும் வேண்டாம். தொழிலா குழந்தையா என்று ஒரே கேள்வியாகக் கேட்டுக்கொள்வதால்தான் எங்கே இருந்தாலும் மற்ற இடத்தின் பயம் உங்களைத் துரத்துகிறது. அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு, உங்களுடைய ஒரு நாளில் இருக்கும் வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். உங்களைத் தவிர யாராலும் செய்ய முடியாதவை எவை, இன்னொருவர் செய்தாலும் நடந்துவிடக் கூடியவை எவை என்று பிரித்தால், முதல் வகையில் உள்ள அனைத்தும் அந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு உள்ளே இருப்பதையும், இரண்டாவது வகையில் உங்கள் தொழில் வேலைகளில் பெரும்பகுதி அடங்கிவிடுவதையும் காண்பீர்கள்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வயிற்றுப் பிள்ளையோடு வெயிலில் அலைந்ததால்தான் குழந்தை முன்கூட்டியே பிறந்தது என்று யாராவது சொன்னால், அதை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். கர்ப்பகாலத்தில் இவ்வளவு முன்னதாகக் கூடும் இரத்த அழுத்தத்தின் வேர், நஞ்சுக்கொடியின் இரத்தக் குழாய்கள் உருவாகும் தொடக்க மாதங்களிலேயே இருக்கிறது. இடம் காட்டப் போனதால் அது வருவதில்லை. போகாமல் இருந்திருந்தால் அது நின்றிருக்கப் போவதும் இல்லை. அதே அழுத்தம் பிரசவத்துக்குப் பிறகும் சில வாரங்கள் கூடுதலாகவே இருக்கக் கூடும் என்பதால், கடுமையான தலைவலி, கண் மங்கல், மூச்சுத் திணறல் ஏதேனும் வந்தால் அது அலைச்சலின் களைப்பு என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அறுவைக் காயம் ஆறும் காலம் இது. ஸ்கூட்டர் ஓட்டலாமா என்பதையும் உங்கள் மகப்பேறு மருத்துவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

இனி, உங்களால் மட்டுமே ஆகக் கூடிய வேலைகளுக்கு வருவோம். முதலாவது பால். குறைமாதக் குழந்தையின் குடலுக்குத் தாய்ப்பாலைவிட ஏற்ற உணவு எதுவும் இல்லை. குடல் அழற்சி போன்ற ஆபத்தான சிக்கல்களும் தாய்ப்பால் பெறும் குழந்தைகளிடம் குறைவாகவே வருகின்றன. குழந்தை மார்பில் குடிக்காத காலத்தில் பால் சுரப்பு நிலைக்க வேண்டுமானால், 24 மணி நேரத்தில் எட்டு முறையாவது, அதில் நள்ளிரவுக்குப் பிறகு ஒரு முறையாவது, பாலைப் பீய்ச்சி எடுத்தாக வேண்டும். உங்களுக்குப் பால் குறைந்ததற்கு மனக்கவலை ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் காலையில் புறப்பட்டு, தக்கலையில் ஒரு இடம், கருங்கல்லில் ஒரு இடம் என்று காட்டிவிட்டு மாலையில் திரும்பும்வரை ஆறேழு மணி நேரம் பால் எடுக்காமல் இருந்ததுதான் பெரிய காரணமாக இருக்கும் என்று கருதுகிறேன். அது சரிசெய்யக் கூடியதே. இடைவெளியை மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுவந்தால் சில நாள்களில் சுரப்பு கூடத் தொடங்கும். எடுத்த பாலை மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி, உங்கள் பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டி, ஐஸ் கட்டிகள் வைத்த பெட்டியில் கொண்டு போகலாம். எத்தனை மணி நேரத்துக்குள் எடுத்த பாலை ஏற்றுக்கொள்வார்கள் என்பது பிரிவுக்குப் பிரிவு மாறுபடும். செவிலியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, குழந்தையை மார்போடு அணைத்து வைத்திருக்கும் கங்காரு முறை. 1978-இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில், இன்குபேட்டர்கள் போதாமல் திண்டாடிய ஒரு மருத்துவமனையில் தொடங்கிய முறை இது. வசதி இல்லாத இடத்துக்கான மாற்று ஏற்பாடு என்றுதான் நெடுங்காலம் இதை நினைத்திருந்தார்கள். இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில், உங்கள் மகளைப் போல ஒரு கிலோவுக்கு மேல் 1,800 கிராமுக்குக் குறைவான எடையில் பிறந்த குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவுகள் 2021-இல் வெளிவந்தன. பிறந்த உடனேயே தாயின் மார்பில் வைக்கப்பட்ட குழந்தைகளின் இறப்பு, நிலை சீரான பிறகு வைக்கப்பட்ட குழந்தைகளைவிட 25 விழுக்காடு குறைவாக இருந்தது. அதன் பிறகு உலக சுகாதார நிறுவனம் 2022-இல், நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் இவ்வாறு வைத்திருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. செய்வதற்கு அதில் கடினம் எதுவும் இல்லை. வளையலையும் மோதிரத்தையும் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, முன்பக்கம் திறக்கும் உடை அணிந்து சாய்வு நாற்காலியில் உட்கார வேண்டும். டயப்பர், தொப்பி, காலுறை மட்டும் போட்ட குழந்தையை, தவளையைப் போலக் கைகால் மடங்கியிருக்க, நெஞ்சுக்கு நடுவே நிமிர்த்தி வைத்து, மூச்சு தடைபடாமல் முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மேலே துணியால் கட்டிவிடுவார்கள். ஒரு முறை வைத்தால் ஒரு மணி நேரமாவது எடுக்காமல் இருப்பது நல்லது. அடிக்கடி தூக்குவதும் கிடத்துவதும் குழந்தைக்குச் சிரமம். மூச்சுக் கருவி எடுத்தாகிவிட்ட உங்கள் மகளுக்கு இதைத் தொடங்கிவிட்டார்களா என்று கடிதத்தில் இல்லை. தொடங்கவில்லை என்றால் நாளைக்கே மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் கணவரும் செய்யலாம். பிரிவில் அனுமதித்தால் உங்கள் மாமியாரும் செய்யலாம். பேத்தியை நெஞ்சில் கிடத்தி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் வேலையை அவரிடம் கொடுத்துப் பாருங்கள். அந்த அம்மாவின் சொல்லில் இருப்பது உங்கள் மேல் வெறுப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. செய்வதற்கு ஒன்றும் கொடுக்கப்படாமல் வீட்டில் தனித்து விடப்பட்ட ஒருவரின் தவிப்பு என்றே தோன்றுகிறது.

மூன்றாவது, சில தேதிகள். 29 வாரத்தில் பிறந்து மூன்று வாரம் ஆன குழந்தைக்கு இப்போது 32 வாரக் கணக்கு. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் ஒருசேரச் செய்யும் பக்குவம் பெரும்பாலான குழந்தைகளுக்கு 34 வார அளவில்தான் வருகிறது. ஆகவே இன்னும் இரண்டு வாரத்தில் உங்கள் மகள் மார்பில் குடிக்கப் பழகத் தொடங்குவாள். அந்த நாள்களில் நீங்கள் நாளுக்குப் பல வேளை அருகில் இருந்தாக வேண்டும். கிரயத் தேதி எதையும் அந்த வாரங்களில் வைக்காதீர்கள். அடுத்து, விழித்திரைப் பரிசோதனை. இந்தியாவில் 34 வாரத்துக்கு முன்போ 2,000 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்து 30 நாள் நிறைவதற்குள் கண் விழித்திரையைச் சோதிக்க வேண்டும் என்பது நெறிமுறை. பாதிப்பு முற்றியிருந்தால் இரண்டு மூன்று நாள்களுக்குள் சிகிச்சை செய்தாக வேண்டும். தவறினால் பார்வை போய்விடும். உங்கள் மகளுக்கு அந்த 30 நாள் நெருங்குகிறது. எந்தத் தேதியில் பார்க்கிறார்கள், மறுபரிசோதனை எப்போது என்று கேட்டு, கைப்பேசி நாள்காட்டியில் குறித்து, எந்தப் பார்ட்டிக்காகவும் அதை நகர்த்தாதீர்கள். இவற்றோடு மருத்துவர் பார்வையிட வரும் நேரத்தில் நீங்களோ கணவரோ அங்கே இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் 'நல்லாயிருக்கு' என்ற ஒரு சொல்தான் கிடைக்கும். நேரில் நின்றால் எடை எவ்வளவு கூடியது, பால் எத்தனை மில்லி போகிறது, எப்போது குழாயை எடுப்பார்கள் என்பது தெரியும். இடம் காட்டும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்கிறீர்களே, அதில் பாதி இந்த விவரங்கள் தெரியாததால் வருவது.

இனி நிலத்துக்கு வருவோம். இடைநிற்பவர் கிரயப் பத்திரத்தில் ஒரு தரப்பு அல்லர். எழுதிக் கொடுப்பவரும் வாங்குபவரும் சாட்சிகளும் இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகிவிடும். உங்கள் கையெழுத்து சட்டப்படி எங்கும் தேவையில்லை. வழக்கமாக நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போடுபவராக இருந்தால், அதை வேறொருவர் போடலாம். அன்றைக்கு நீங்கள் போவது இரு தரப்புக்கும் தைரியம் கொடுப்பதற்கும் கமிஷன் கைக்கு வருவதை உறுதி செய்வதற்கும்தான். இரண்டையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய முடியும்.

குவைத்துக்காரரின் விஷயத்தை முதலில் முடியுங்கள்; அவருக்குத்தான் உண்மையான காலக்கெடு இருக்கிறது. வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திரம் எல்லாம் சரியாக இருந்தால், பத்திர எழுத்தரிடம் ஒப்படைத்துப் பதிவுக்கான முன்பதிவை இந்த வாரமே போடச் சொல்லுங்கள். வாங்குபவரின் வங்கிக் கடன் தாமதமாகும் என்றால், விற்பவர் ஊருக்குத் திரும்புவதற்கு முன் நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கு, தம் சார்பில் கையெழுத்திடும் உரிமையைத் தரும் பொது அதிகாரப் பத்திரத்தை இங்கேயே எழுதிப் பதிவு செய்துவிட்டுப் போகட்டும். அங்கே போன பிறகு எழுதினால், இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தி, என்று வேலை நீண்டுவிடும்.

தென்னந்தோப்பு காத்திருக்கலாம். நால்வருக்குப் பொதுவான சொத்தில் நான்கு பேரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவதே பாதி வேலை. அதிலும் நம் குமரி மாவட்டத்தில் 1956-க்கு முந்தைய திருவிதாங்கூர்க் காலத்துப் பத்திரம் என்றால், மலையாளத்தில், கொல்லம் ஆண்டு என்னும் மலையாள ஆண்டுக் கணக்கில், பழைய சர்வே எண்ணோடு இருக்கும். அதைப் படித்து இன்றைய எண்ணோடு பொருத்திப் பார்ப்பது அவசரத்தில் செய்யக் கூடிய காரியமே அல்ல. கூட்டுப் பட்டாவும் வரைபடமும் வில்லங்க விவரமும் இப்போது இணையத்திலேயே கிடைப்பதால், அவற்றை மட்டும் காத்திருப்போர் அறையில் இருந்தபடி எடுத்து வையுங்கள். தோப்பைக் காட்டுவதை இரண்டு மாதம் தள்ளிப் போடுங்கள். அட்வான்ஸ் ஒப்பந்தம் ஏற்கெனவே எழுதியிருந்தால், அதன் கெடு முடிவதற்கு முன்பே கால நீட்டிப்பை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

மனைப்பிரிவு மனைகளில் ஒரு எச்சரிக்கை. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இன்படி, பதிவு செய்யப்பட்ட திட்டத்தில் விற்பனைக்கு இடைநிற்பவரும் ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். உங்களுக்குப் பதிலாக மனையைக் காட்டுவதற்குக் கொழுந்தனையோ கடைக்காரரையோ அனுப்பினால் நாளை அது உங்கள் பதிவுக்கே சிக்கலாகும். பதிவு பெற்ற மற்றொரு முகவரிடம் கொடுங்கள். இல்லையென்றால் மனைப்பிரிவு நிறுவனத்தாரே தம் ஆளை வைத்துக் காட்டட்டும்.

பொறுப்பை ஏற்கும் முகவருக்குக் கமிஷனில் பாதியைத் தயங்காமல் கொடுங்கள். பத்துக்குப் பத்தும் வேண்டும் என்று பிடித்துக்கொண்டிருந்தால் அவர் மனம் வைத்துச் செய்ய மாட்டார். எந்தச் சொத்து, எந்தப் பார்ட்டி, யாருக்கு எவ்வளவு என்று வாட்ஸ்அப்பில் எழுதி, அவர் 'சம்மதம்' என்று பதில் போட்டால் போதும். பிறகு மனத்தாங்கல் வராது. பிறருடைய அசல் பத்திரங்கள் உங்கள் வீட்டில் இருந்தால், உரியவரிடமோ அவர் சொல்லும் வழக்கறிஞரிடமோ ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத இந்த நேரத்தில் அவை அலமாரியில் கிடப்பது நல்லதல்ல.

பார்ட்டிகளிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் நீங்கள் தொலைபேசியை எடுக்காத ஒவ்வொரு முறையும் அவர்கள் வேறு ஒன்றை நினைப்பார்கள். இப்படி எழுதலாம்: "என் குழந்தை குறைமாதத்தில் பிறந்து நாகர்கோவிலில் மருத்துவமனையில் இருக்கிறது. உங்கள் கிரய வேலை நிற்காது. காலை 11 முதல் 12 வரையும் மாலை 5 முதல் 6 வரையும் நான் தொலைபேசியில் கிடைப்பேன். மற்ற நேரத்தில் என் சார்பில் இன்னார் பேசுவார். அவர் எண் இது." இதற்கு மேல் விளக்க வேண்டாம். குழந்தையின் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கவும் வேண்டாம். இந்த இரண்டு மணி நேரத்தில் நீங்கள் தெளிவாகப் பேசினால் போதும். பல ஆண்டுகளாகச் சேர்த்த நம்பிக்கை இரண்டு மாதத்தில் கரைந்துவிடாது. பிரிவுக்குள் நுழையும்போது கைப்பேசியை அணைத்துப் பையில் வைத்துவிடுங்கள். நாள் முழுவதும் பல கைகளோடும் பல வண்டிகளோடும் புழங்கும் பொருள் அது. இடம் பார்த்துவிட்டு நேரே வருவதாக இருந்தால் குளித்து உடை மாற்றிய பிறகே உள்ளே செல்லுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் போகவே வேண்டாம்.

மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சாலையில் தினமும் போய்வருவதையும் நிறுத்துங்கள். நாகர்கோவிலில் உறவினர் வீடு இருந்தால் அங்கே தங்குங்கள். இல்லையென்றால் மருத்துவமனைக்கு அருகே மாத வாடகைக்கு ஒரு அறை எடுங்கள். அந்த வாடகை உங்கள் பெட்ரோலையும் உடம்பையும் மிச்சப்படுத்தும். இடம் தேடிக் கொடுப்பதே தொழிலாகக் கொண்ட உங்களுக்கு அதற்கு வேறு யாருடைய உதவியும் தேவைப்படாது.

பணத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனாலும் கடிதம் முழுவதும் அதுதான் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். இப்போதுள்ள மருத்துவமனை அத்திட்டத்தில் இருக்கிறதா என்று அங்குள்ள காப்பீட்டு மேசையில் கேளுங்கள். தனியார் காப்பீடு இருந்தால், பிறந்த குழந்தைக்கு முதல் நாள் முதலே பொருந்துமா என்று பார்த்து உடனே அவர்களுக்குத் தெரிவியுங்கள். கட்டணம் தாங்க முடியாத நிலை வந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லி, ஆசாரிப்பள்ளத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றுவது பற்றிப் பேசுங்கள். அரசு மருத்துவமனைகளில் ஒரு வயது வரையுள்ள நோயுற்ற குழந்தைக்குச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, போக்குவரத்து அனைத்தும் இலவசம் என்பது ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் விதி. மாற்றுவதா, எப்போது மாற்றுவது என்பதை மட்டும் மருத்துவர்களே முடிவு செய்யட்டும்.

இதே தொழிலில் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்களுக்காக ஒரு செய்தி. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில், பிரசவத்துக்கு முந்தைய ஓராண்டில் 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்தோடு கூடிய விடுப்பு உண்டு. குறைப்பிரசவத்தால் தாய்க்கு ஏற்படும் உடல்நலக் குறைவுக்கு அதற்கு மேலும் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்புப் பெறச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பலர் இந்த இரண்டாவது உரிமையைக் கேட்பதே இல்லை. கமிஷனை நம்பி வாழும் உங்களைப் போன்றவர்களை இச்சட்டம் கண்டுகொள்ளவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கடைசியாக, குழந்தை வீட்டுக்கு வந்தவுடன் பழையபடி ஓடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். தானாகப் பால் குடித்து, உடல் வெப்பத்தைக் காத்து, எடை சீராகக் கூடி, மூச்சு நிற்காமல் சில நாள் கடந்த பிறகே அனுப்புவார்கள். பெரும்பாலும் முதலில் குறித்த பிரசவத் தேதியை ஒட்டி அது அமையும். வீட்டுக்கு வந்தபின் செவிலியர்கள் செய்த வேலை முழுவதும் உங்கள் தலையில் விழும். ஆகவே முடிந்த உதவியையெல்லாம் இப்போதே செலவழித்துவிடாமல், வீட்டுக்கு வந்த பிறகான முதல் இரண்டு மாதத்துக்குச் சேர்த்து வையுங்கள். தூக்கமே வராமலோ, குழந்தையிடம் ஒட்டுதல் இல்லாததுபோலத் தோன்றினாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு மனைப்பிரிவு நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். சம்பளமும் விற்பனைக்கேற்ற ஊக்கத்தொகையும் உண்டு. மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. அவளுக்கு ஓராண்டு விடுப்பு இருக்கிறது. எங்கள் மகன் 31 வாரத்தில் திருவனந்தபுரத்தில் பிறந்து அங்கேயே சிகிச்சையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைதான் வாடிக்கையாளர்கள் இடம் பார்க்க வருவார்கள் என்பதால் அன்று எனக்கு விடுப்பு கிடையாது. தகப்பன் போய் என்ன செய்யப் போகிறான் என்று மேலாளரும் கேட்கிறார், என் வீட்டிலும் கேட்கிறார்கள்.

— வாசகர், நாகர்கோவில்

பதில்: மகனை நெஞ்சோடு வைத்திருக்கலாம். உங்கள் மனைவி மூன்று மணி நேரம் தொடர்ந்து தூங்க வழி செய்யலாம். மருத்துவர் சொல்வதைக் கேட்டு எழுதி வைக்கலாம். இந்த மூன்றும் சிறிய வேலைகள் அல்ல. தனியார் துறையில் தந்தைக்கென்று சட்டப்படியான விடுப்பு நம் நாட்டில் இல்லை. ஆகவே மேலாளரிடம் உரிமையாகக் கேட்பதைவிடத் திட்டமாகக் கேளுங்கள். ஞாயிறு முழுவதும் நான் இடத்தில் இருக்கிறேன், அதற்கு ஈடாகத் திங்களும் செவ்வாயும் வேண்டும் என்று கேட்டால் அவருக்கு மறுக்கக் காரணம் இருக்காது. அந்த இரண்டு நாளில் வாடிக்கையாளர் அழைப்புகளைத் தோழர் ஒருவருக்குத் திருப்பிவிட்டு, அவருடைய விடுப்பு நாளில் நீங்கள் பதில் செய்யலாம். மாதக் கடைசியில் இலக்கு எட்டாமல் போனால் அந்த மாத ஊக்கத்தொகை போகட்டும். உங்கள் வீட்டில் உறுதியான ஒரு சம்பளம் வந்துகொண்டிருக்கிறது, அந்த நல்வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

மாநிலம் மாறிப் பிறந்ததால் சில வேலைகள் உங்களுக்கே உரியவை. பிறப்புப் பதிவு பிறந்த ஊரில்தான் நடக்கும். 21 நாளுக்குள் மருத்துவமனை அனுப்பிவிட்டதா என்று பாருங்கள், பெற்றோர் பெயரின் எழுத்துகளையும் சரிபாருங்கள். தடுப்பூசிகளை இங்கே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடரலாம். அவற்றுக்குப் பிறந்த தேதியிலிருந்து கணக்கு. வளர்ச்சியைப் பார்க்கும்போது மட்டும் இரண்டு வயது வரை, முன்னதாகப் பிறந்த ஒன்பது வாரங்களைக் கழித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை கவிழ்ந்துவிட்டதே என்று உங்கள் வீட்டில் கவலைப்படும் நாள் வரும்; அன்றைக்கு இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

கேள்வி: வீடு கட்ட 6 சென்ட் இடத்துக்கு ஒரு பெண் முகவர் மூலம் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம். அவருக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்து ஐசியூவில் இருப்பதாகச் சொன்னார்கள். அழைத்துத் தொந்தரவு செய்யவும் மனமில்லை. வேறு முகவரிடம் போகலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது.

— வாசகி, கருங்கல்

பதில்: அழைத்துப் பேசுங்கள். உங்கள் மௌனம்தான் அவருக்குப் பெரிய தொந்தரவாக இருக்கும். பார்ட்டி விலகிவிட்டதோ என்று நினைத்துக்கொண்டிருப்பார். எந்த நேரத்தில் பேசலாம், அவர் சார்பில் யாரிடம் பேச வேண்டும் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். பத்திரங்களைச் சரிபார்ப்பது எப்படியும் உங்கள் வழக்கறிஞரின் வேலை. அது நிற்க வேண்டியதில்லை. கொடுத்த அட்வான்ஸுக்கு விற்பவரின் கையெழுத்தோடு ரசீது இல்லையென்றால் இப்போது வாங்கிவிடுங்கள். அதில் அவமதிப்பு ஏதும் இல்லை. இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து விலை பேசி முடித்தவர் அவர் என்பதால், வேறு முகவரிடம் போவது நியாயமாகாது. பழமும் பலகாரமுமாக மருத்துவமனைக்குப் பார்க்கப் போக வேண்டாம். அந்தப் பிரிவில் உங்களை விடவும் மாட்டார்கள். பேசிய கமிஷனைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளாமல், கிரயம் முடிந்த அன்றே அவருடைய வங்கிக் கணக்கில் செலுத்திவிடுங்கள்.